ஏல நோட்டீஸ் வந்திருக்கிறது, 'மீட்பரே' என்று எப்படி ஜெபிப்பது?

ஏரல் ஜவுளி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வயது 46, தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். சி.எஸ்.ஐ. குடும்பம்.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஈரோட்டில் கடனுக்கு எடுத்த சரக்கு மூட்டைகூடப் பிரிக்காமல் கிடந்தது. தண்ணீர் பரண் வரைக்கும் ஏறியது. வடிந்தபிறகு ஷட்டரைத் தூக்கினால், சிவப்புச் சேலைகளின் சாயம் வெள்ளைச் சட்டைகளில் எல்லாம் இறங்கியிருந்தது. ஒரு வேட்டியை எடுத்து உதறினேன். மடிப்புக்கு மடிப்பு ஆற்றுமணல் கொட்டியது.

அரசு கொடுத்த 6,000 ரூபாய் அரிசிக்கும் பாய்க்குமே சரியாகப் போனது. பொங்கல் கழிந்து மனைவியின் ஏழு பவுன் ரெட்டைவடச் சங்கிலியை வங்கியில் வைத்துச் சரக்கு எடுத்தேன். அவளுக்கு அவள் அம்மா போட்டது. முதல் வருஷம் வட்டியை மட்டும் கட்டி மறுபடி அடகு வைத்தேன். இந்தத் தடவை அசலையும் சேர்த்துக் கட்டச் சொன்னார்கள், என்னால் முடியவில்லை. போன வாரம் ஏல நோட்டீஸ் வந்தது.

வீட்டில் நகையைத் 'திருப்பணும்' என்றுதான் சொல்லுவோம். நோட்டீஸில் 'மீட்டுக்கொள்ளவும்' என்று இருந்தது. அந்த வார்த்தையைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார்' என்று யோபு சொன்னது சிறு வயதிலிருந்தே மனப்பாடம். இப்போது ஜெபத்தில் 'மீட்பரே' என்று வாய் திறந்தால் அந்த நோட்டீஸ்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. விசுவாசம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் எதை நம்பச் சொல்கிறார்? சங்கிலி திரும்பி வரும் என்றா, போனாலும் சரி என்றா?

நோட்டீஸை வேதாகமத்தின் உறைக்குள் செருகி வைத்திருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. குடும்பத்துக்குத் தலை என்று இருந்துகொண்டு இதை எந்த முகத்தோடு சொல்வது?

கிருபை:

சகோதரரே, ரோமர் 8:28. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும். உங்களுக்காக ஜெபிக்கிறோம்.

பழைய வாத்தியார்:

தம்பி, மேலே சொன்ன வசனம் சத்தியம். ஆனால் சாயம் இறங்கிய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அது அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

நோட்டீஸில் இருந்த வார்த்தை உங்களை நிறுத்தியதில் தப்பே இல்லை. யோபு சொன்ன மீட்பர் எபிரெயத்தில் 'கோயேல்'. வறுமையால் ஒருவன் விற்ற காணியைத் திரும்ப வாங்கிக் கொடுக்க வேண்டிய நெருங்கிய சொந்தக்காரன் அவன். லேவியராகமம் 25-ல் சட்டமாகவே இருக்கிறது. ரூத்தின் கதையில் நம் பழைய மொழிபெயர்ப்பு அவனைச் 'சுதந்தரவாளி' என்று சொல்கிறது. காணியை மீட்டு ரூத்தை மணந்த போவாஸைவிட நெருங்கிய சொந்தக்காரன் ஒருவன் இருந்தான். தன் சொத்துக்குக் கேடு வரும் என்று அவன் ஒதுங்கிக்கொண்டான். மீட்கிறவன் தன் கைக்காசைப் போட்டுத்தான் மீட்கவேண்டும். அடகும் கடனும் தெரிந்த ஜனத்தின் வார்த்தை அது. அதைக் கல்லறைத் தோட்டத்தில் வாசிக்கிற வசனமாக மட்டும் ஒதுக்கிவிட்டது நாம்தான்.

எரேமியா 32-ஐ வாசியுங்கள். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது, எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரம் பெரியப்பா மகன் வந்து, ஆனதோத்தில் உள்ள நிலத்தை மீட்கிற உரிமை உனக்குத்தான், வாங்கிக்கொள் என்கிறான். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். அதற்குப் பிறகு நகரம் விழுந்தது. அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நிலத்தில் அவர் ஒரு படி தானியம் அறுத்ததாக வேதத்தில் இல்லை. ஆனாலும் பத்திரம் பத்திரம்தான்.

சங்கிலி திரும்பி வரும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். உங்களை மீட்டது வெள்ளியோ பொன்னோ அல்ல என்று பேதுரு எழுதினாரே, அதைச் சங்கிலி இல்லாத கழுத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லமுடியுமா என்று பாருங்கள். இன்றைக்கே முடியாவிட்டால் பரவாயில்லை.

சாயர்புரம் அக்கா:

தம்பி, வாத்தியார் ஐயா சொன்னதெல்லாம் சரி. எனக்கு ஒன்றுதான் உறுத்துகிறது. சங்கிலி அவளுடையது, அவள் அம்மா போட்டது. அவளுக்குத் தெரியாமல் எப்படி ஏலம் போகலாம்? தலை என்றால் ஒற்றை ஆளாகச் சுமப்பது என்று யார் சொன்னது? இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அப்புறம் இரண்டு பேருமாகக் கிளைக்குப் போய், அவகாசம் கேட்டு எழுதிக் கொடுங்கள். நகை விற்கிற விலைக்கு, ஏலமே போனாலும் கடன், வட்டி, செலவு போக மீதி உங்களுக்குத்தான் வரவேண்டும். கேட்டு வாங்குங்கள்.

ஏரல் ஜவுளி:

சொல்லிவிட்டேன். நோட்டீஸை வாங்கி ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்று இரண்டு தடவை வாசித்தாள். ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, 'ஒரு வாரமா இதை வச்சுக்கிட்டா ஜெபம் பண்ணீங்க?' என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன். திங்கட்கிழமை இரண்டு பேரும் போகிறோம். பாஸ்புக்கையும் ஆதாரையும் அவளே எடுத்து வைத்திருக்கிறாள்.

ராத்திரி குடும்ப ஜெபத்தில் எரேமியா 32 வாசித்தோம். 17 சேக்கல் எத்தனை பவுன் என்று பையன் கேட்டான். ஐயா, அவனுக்கு என்ன சொல்ல?

பழைய வாத்தியார்:

வெள்ளி என்று முதலில் சொல்லுங்கள். ஒரு சேக்கல் ஏறத்தாழ 11 கிராம். மொத்தம் 190 கிராம் சுமாருக்கு வரும், பவுன் எடையில் 24 பவுனுக்குக் கொஞ்சம் குறைவு.