புதுப்பிப்பு: லினும் கொக்குக் கணக்கு, இருட்டிய பிறகு வருபவை

பெர்லினுக்கு வடமேற்கே லினும் ஈரநிலத்தில், அக்டோபர் மாலைகளில் அடைய வரும் சாம்பல் கொக்குகளை (Common Crane) பத்துப் பத்தாக எண்ணும் முறையை முன்பு எழுதியிருந்தேன். இருட்டிய பிறகு வருபவற்றை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

எண்ண முடியாது. குரலை வைத்துச் சொல்லும் எண் வெறும் ஊகம். மறுநாள் விடிவதற்கு அரை மணி நேரம் முன்பே அதே இடத்தில் நின்று, கிளம்பும் கூட்டங்களை எண்ணி, முந்தைய மாலைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். மூடுபனி என்றால் அன்றைய கணக்கை விட்டுவிடுவதே மேல். கொக்குகள் தாமதித்து மொத்தமாகக் கிளம்பிவிடும்.

பெரிய பிழை வேறிடத்தில் வரும். தண்ணீரில் இறங்குமுன் பக்கத்து வயல்களில் கூடும் கொக்குகளை அங்கேயும் எண்ணி, வானிலும் எண்ணினால் கணக்கு இரட்டிக்கும். எண்ணுபவர்களில் ஆளுக்கொரு திசை, கூட்டத்துக்கொரு நேரக்குறிப்பு கட்டாயம். மங்கலில் பறக்கும் பறவையின் கால் வாலைத் தாண்டி நீளவில்லையா? அது கொக்கு அல்ல, காட்டு வாத்து.