எண்ணெயை இரட்டிப்பாக்கியும் இரும்பு மோல்டில் கான்கிரீட் ஒட்டுகிறது

வணக்கம். சிங்கப்பூர் துவாஸில், கான்கிரீட் பாகங்களை முன்கூட்டியே வார்த்துத் தரும் ஒரு ப்ரீகாஸ்ட் யார்டில் வேலை பார்க்கிறேன். சுவர் பேனல் வார்க்கும் இரும்பு மோல்டு. மூன்று வாரமாகக் காலையில் கழற்றும்போது, கீழ் மூலைகளில் உள்ளங்கை அகலத்துக்குக் கான்கிரீட்டின் மேல்தோல் உரிந்து மோல்டிலேயே தங்கிவிடுகிறது. கான்கிரீட் ஒட்டாமலிருக்க அடிக்கும் மோல்டு ஆயிலை இரண்டு மடங்காக அடித்துப் பார்த்தோம். ஒட்டுவது நிற்கவில்லை, பேனல் முகமெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டையும் மஞ்சள் கறையும் சேர்ந்துகொண்டன. பேட்ச் வேலைக்கே அரை நாள் போகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் (மோல்டு செக்‌ஷனில் 12 வருடம்):
தம்பி, முதலில் எண்ணெயைக் குறையுங்கள். கான்கிரீட்டை அதிர வைக்க வைப்ரேட்டர் போடும்போது மேலே ஏற வேண்டிய காற்றுக்குமிழி, தடித்த எண்ணெயில் சிக்கி அங்கேயே நின்றுவிடும். ஓட்டை அதனால்தான், கறையும் அதனால்தான்.

மூலையில் ஒட்டுவதற்குக் காரணம் வேறாக இருக்கும். பழைய சிமெண்ட் பால் (சிமெண்ட் கலந்த நீர்) அங்கே படலமாக இறுகியிருந்தால், புதுக் கான்கிரீட் அதைத்தான் பிடிக்கும். ஸ்கிரேப்பர் நுனியால் சுரண்டிப் பாருங்கள். சாம்பல் பொடி உதிர்ந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்கிரேப்பர், கம்பி பிரஷ் இரண்டும் போதும். கிரைண்டிங் டிஸ்க் வைக்காதீர்கள், கீறல் விழுந்தால் சிமெண்ட் அதிலேயே போய் உட்காரும். அப்புறம் எண்ணெயை மெல்லியதாக அடித்து, மூலையில் தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுங்கள். விரலால் தொட்டால் நுனி மினுங்கினால் சரி. விரல் போன தடம் மோல்டில் தெரிந்தால் அதிகம்.

இன்னொருவர்:
என்ன எண்ணெய் அடிக்கிறீர்கள்? டீசல் கலந்தது வெறும் தடுப்பாகத்தான் நிற்கும். கொழுப்பு அமிலம் உள்ள ரிலீஸ் ஏஜென்ட் (ஒட்டாமலிருக்க அடிக்கும் திரவம்), சிமெண்டில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து சோப்பு போல ஒரு படலமாக மாறும். அதனால் கொஞ்சமே போதும்.

கம்பிக் கேஜை (பேனலுக்குள் வைக்கும் இரும்புக் கம்பிக் கூட்டை) இறக்கிய பிறகு மட்டும் தயவுசெய்து அடிக்காதீர்கள். கம்பியில் எண்ணெய் பட்டால் கான்கிரீட்டின் பிடி குறையும். அந்த பேனலுக்குப் பின்னால் ஒரு குடும்பம் குடியிருக்கப் போகிறது.

கேட்டவர்:
அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. மூலையில் சுரண்டியதும் ஓடு போலப் பெயர்ந்து வந்தது. இரண்டு மோல்டைச் சுத்தம் செய்து, துணியால் ஒற்றி வார்த்தோம். இன்று காலை இரண்டும் சுத்தமாகக் கழன்றன, ஓட்டையும் வெகுவாகக் குறைந்துவிட்டது. எண்ணெய் அடித்து வைத்த மோல்டில் மதிய மழை பெய்துவிட்டால்?

பதில்:
நீரைத் துடைத்து, காயவிட்டு, மறுபடி மெல்லியதாக அடியுங்கள். ஈரத்தின் மேலேயே அடித்தால் பிடிக்காது.