அக்கா மகளைக் கட்டிய தாத்தாவை வம்சாவளிப் படத்தில் எப்படிக் காட்டுவது?

கரூர்க்காரி:
எங்கள் அப்பா வழிச் சொந்தத்தை ஒரே படமாகப் போட்டு, மாசியில் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் எல்லாரும் கூடும்போது பெரிதாக அச்சடித்து மாட்ட ஆசை. பெரியவர்களைக் கேட்டு ஆறு தலைமுறைப் பெயர்களை நோட்டில் எழுதியாயிற்று. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு தளத்தில் ஏற்றிக்கொண்டே வந்தேன், தாத்தாவிடம் வந்ததும் நின்றுவிட்டது. தாத்தா கட்டியது சொந்த அக்கா மகளை. பாட்டியின் அம்மா தாத்தாவுக்கு அக்காவும் ஆகிறார், மாமியாரும் ஆகிறார். படத்தில் கொள்ளுத்தாத்தா இரண்டு இடத்தில் வருகிறார், பார்க்கிறவர்கள் இரண்டு வேறு ஆள் என்றுதான் நினைப்பார்கள். அப்புறம் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரில் நான்கு பேர். குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் தளம் அடுத்த பக்கம் போகவே விடுவதில்லை, நமக்கு ஏது அது?

இன்னொன்று. கட்டிக்கொடுத்த பெண்களின் கிளை வேண்டாம், பங்காளி வரிசை மட்டும் போதும் என்கிறார் பெரியப்பா. என்ன செய்யலாம்?

வேர்தேடி:
கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், மற்றதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. பெண்களை விட்டுவிட்டுப் படம் போடாதீர்கள். உங்கள் தாத்தாவின் அக்காவை நீக்கினால் பாட்டி எங்கிருந்து வந்தார் என்றே படத்தில் தெரியாது, அவர் யாரோ அந்நியர் மாதிரி ஓரத்தில் நிற்பார். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கொடுத்து எடுத்த குடும்பத்தில் பெண்கள் வழியாகத்தான் கோடு திரும்பி வருகிறது. பெரியப்பாவிடம் இதைக் காகிதத்தில் வரைந்து காட்டுங்கள், வாயால் சொன்னால் பிடிபடாது.

இரண்டு தடவை வருவது தளத்தின் பிழை இல்லை. முன்னோர் படம் என்பது அப்பா, அம்மா, அவர்களுக்கு அப்பா, அம்மா என்று இரண்டிரண்டாகப் பிரிந்து மேலே போவது. 1590-ல் ஐட்ஸிங்கர் என்ற ஆஸ்திரியர் அச்சில் கொண்டுவந்த எண்முறையை இன்றும் பயன்படுத்துகிறார்கள்: நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3, யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. அந்தக் கணக்கில் உங்கள் தாத்தா 4, பாட்டி 5, தாத்தாவின் அப்பா 8. பாட்டியின் அம்மா 11, அவருடைய அப்பா 22. உங்கள் வீட்டில் 8-ம் 22-ம் ஒரே ஆள், 9-ம் 23-ம் ஒரே ஆள். எள்ளுத்தாத்தா, எள்ளுப்பாட்டி வரிசையில் 16 இடம், அதில் புதிதாக வருகிறவர்கள் 14 பேர்தான்.

ஆகவே முன்னோர் படமோ, அதையே அரைவட்டமாக விரித்துப் போடும் விசிறிப் படமோ உங்களுக்குச் சரிப்படாது. கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, அதில் உறவு வரைபடம் என்ற அறிக்கையை எடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரே பெட்டிதான் வரும், கோடுகள் அவரிடம் எத்தனை பக்கமிருந்தும் வந்து சேரலாம். கோடு கொஞ்சம் குறுக்கே ஓடும், அது பரவாயில்லை, உண்மையான உறவு அப்படித்தான் இருக்கிறது. இதுவரை ஏற்றியதை மறுபடி தட்ட வேண்டாம், பெரும்பாலான தளங்களில் ஜெட்காம் கோப்பாக (வம்சாவளி மென்பொருள்கள் பொதுவாகப் படிக்கும் கோப்பு வகை) இறக்கிக்கொள்ள வழி உண்டு, அதைக் கிராம்ப்ஸ் படிக்கும். எந்தத் தளத்தில் வேலை செய்தாலும் அந்தக் கோப்பு ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

குடும்பப் பெயர் கட்டத்தைக் கிராம்ப்ஸில் காலியாக விடலாம், அப்பா பெயரை எழுதினால் அது தந்தை பெயர் என்று குறிக்கவும் வசதி இருக்கிறது. ஒரே பெயர் நான்கு பேருக்கு இருந்தால் ஊரில் கூப்பிட்ட பட்டப்பெயரைச் சேருங்கள். ‘மேட்டுவீட்டு’, ‘வண்டிக்கார’ என்று ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும்.

ஈப்போவாசி:
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா தோட்ட வேலைக்கு வந்த பிறகு ஊர்ப் பக்கத் தொடர்பு விட்டுப்போயிற்று. இங்கே அடையாள அட்டையில் ஏ/எல் (இன்னார் மகன்), ஏ/பி (இன்னார் மகள்) போட்டு அப்பா பெயரும் சேர்ந்தே இருக்கும், அதனால் இரண்டு தலைமுறை சுலபமாகக் கிடைத்தது, அதற்கு மேலே ஒன்றுமில்லை. உங்கள் நோட்டில் ‘மலேயா போனார், தகவல் இல்லை’ என்று யாராவது இருந்தால் தயவுசெய்து அவரைப் படத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள். இந்தப் பக்கம் ஒருவர் அவரைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

பழம்பத்திரம்:
பெண்கள் பெயர் எங்கே கிடைக்கும் என்று அடுத்துக் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பிகள் வரிசையாக, ‘இன்னார் குமாரர்’ என்று அப்பா பெயரோடு இருப்பார்கள். பெண்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்ததே 1989-ல்தான், அதுவும் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு 2005 வரை கிடையாது. அவர்களைத் தேட வேண்டிய இடம் மொய் நோட்டும் பழைய விசேஷப் பத்திரிகைகளும்தான். என் அத்தை வீட்டுப் பரணில் ஒரு மொய் நோட்டு கிடைத்தது, ஊர், ஆள் பெயர், தொகை என்று பென்சிலில் எழுதியது. அதில் ‘தாய்மாமன் சீர்’ என்று தனியாகக் கோடிட்ட இடத்தைப் பார்த்ததும் அம்மா பிறந்த வீடு எது என்று தெரிந்துவிட்டது. காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எதையும் விடாதீர்கள்.

ஜாதகத்தில் தமிழ் வருஷம் மட்டும் இருந்தால் கவனம், 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். தாது என்றால் 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். மூத்த பிள்ளையின் வயதை வைத்து முடிவு செய்யுங்கள். தெளிவாகத் தெரியாவிட்டால் ‘சுமார்’ என்று போடுங்கள், ஊகித்துத் தேதி எழுதினால் பின்னால் வருகிறவர்கள் அதையே உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

லேப்சங்கரி:
மரபணு ஆலோசனைக்கு வருகிறவர்களுக்கு நாங்களும் இதே படம்தான் வரைகிறோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கணவன் மனைவிக்கு நடுவில் ஒரு கோடு, சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. நீங்களும் அந்த இரட்டைக் கோட்டைப் போடுங்கள், ஓரத்தில் ஒரு வரி விளக்கம் எழுதினால் யாருக்கும் புரியும். உயிரோடு இருக்கிறவர்களின் பிறந்த தேதியை மட்டும் பொது இடத்தில் மாட்டும் படத்திலோ எல்லாரும் பார்க்கும் தளத்திலோ போடாதீர்கள், பெயர் போதும்.

கரூர்க்காரி:
எல்லாருக்கும் நன்றி. 8, 22 கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பெரியப்பாவிடம் கொடுத்தேன், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே தன் மூன்று அத்தைகளின் பெயரையும் கட்டிக்கொடுத்த ஊரையும் சொன்னார், அதில் ஒருவரை எங்களில் யாருக்கும் தெரியாது. கிராம்ப்ஸில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம், ஃப்ளெக்ஸ் கடையில் பிடிஎஃப் கொடுத்தால் தமிழ் எழுத்து சரியாக வருமா?

வேர்தேடி:
அப்படியே கொடுத்தால் சில கடைகளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று உடைந்து வரும். கிராம்ப்ஸிலிருந்து எஸ்விஜி என்ற படக் கோப்பாக எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் திறந்து, எழுத்தையெல்லாம் தேர்ந்தெடுத்துப் பாதையாக (path, அதாவது வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிவிட்டு, அதற்கப்புறம் பிடிஎஃப் ஆக்குங்கள். அவர்கள் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் உடையாது. மாற்றும் முன் ஒரு பிரதி தனியாக வைத்துக்கொள்ளுங்கள், மாற்றிய பிறகு பெயரைத் திருத்த முடியாது. அச்சுக்குப் போகும் முன் ஏ4 தாளில் ஒன்று எடுத்துப் பெரியப்பாவிடம் காட்டிவிடுங்கள், விட்டுப்போன பெயர் இருந்தால் அப்போதே சொல்லிவிடுவார்.