கேம்பர் வேன் கூரையில் சோலார் பேனல்: கிளை, கிளி, ஆலங்கட்டி

மெல்போர்னில் இருக்கிறோம். டொயோட்டா ஹைஏஸ் வேன் ஒன்றை உள்ளேயே தூங்கும் வசதியோடு கேம்பராக மாற்றி, விடுமுறை கிடைத்தால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவோம். கூரையில் ராக் என்கிற அலுமினியச் சட்டம் போட்டு இரண்டு கண்ணாடி பேனல், உள்ளே லித்தியம் பேட்டரி. எத்தனை வாட் போடுவது, எந்த பேட்டரி வாங்குவது என்று நம் ஆட்கள் நிறையப் பேசியாகிவிட்டது. மாட்டிய பேனலைக் காப்பாற்றுவது பற்றித்தான் பேச்சே இல்லை. நான் பார்த்தவரை கண்ணாடி லேசில் போகாது. முதலில் அடி வாங்குவது ஒயரும் போல்ட்டும் அடியில் இருக்கும் பிடிமானமும்தான்.

மஞ்சள் கொண்டை வைத்த வெள்ளைக் கிளியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இங்கே கொக்கட்டூ என்பார்கள். ஒருநாள் காலை முகாமில் டீ போட்டுக்கொண்டிருந்தபோது முன்கண்ணாடியில் கறுப்பாகத் துணுக்குத் துணுக்காக ஏதோ விழுந்தது. ஏணி வைத்து எட்டிப் பார்த்தால், ராக் விளிம்பில் ஒன்று சாவகாசமாக உட்கார்ந்து பேனல் ஒயரின் மேலுறையை உரித்துக்கொண்டிருந்தது. ஒரு காலால் ஒயரைப் பிடித்துக்கொண்டு, அலகை இடமும் வலமும் திருகி, உரித்ததைக் கீழே துப்புகிறது. தின்பதற்காக இல்லை, அலகுக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான். கை தட்டினேன், தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. நாட்டின் பிராட்பேண்ட் கட்டமைப்பான என்பிஎன் கேபிள்களையே இந்தப் பறவைகள் கடித்துக் குதறியதில் 80,000 ஆஸ்திரேலிய டாலர் வரை செலவானதாக 2017-இல் செய்தி வந்தது. நம் ஒயர் எம்மாத்திரம்?

அதற்கப்புறம் வெளியே தெரியும் ஒயர் முழுவதையும் எஃகுப் பின்னல் உறைக்குள் விட்டேன். ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர்களை பேனலுக்கு அடியில் நடுவில் தள்ளிக் கட்டினேன். வீட்டுக் கூரையில் புறா நுழையாமல் பேனலைச் சுற்றி அடிக்கும் கம்பிவலையை வாங்கி, ராக்கின் ஓரத்திலும் கட்டிவிட்டேன். காற்று போக வர அதில் இடம் உண்டு. பேனலுக்கு அடியில் காற்றோட்டம் இருந்தால்தான் சூடு தணியும், கரண்டும் நன்றாக வரும். இன்னொன்று, பக்கத்து கேம்ப்காரர்கள் பறவைகளுக்கு ரொட்டி போட்டால் வேனைத் தள்ளி நிறுத்திவிடுங்கள்.

அடுத்து மரம். மரே ஆற்றங்கரை, எச்சூகா பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ரிவர் ரெட் கம் என்னும் யூகலிப்டஸ் மரங்களின் நிழல் அவ்வளவு சுகம். அந்த மரம் காற்றே அடிக்காத வெயில் நாளில்கூட முழுக் கிளையைப் பட்டென்று உதிர்த்துவிடும். பேனல் போனால் வாங்கிக்கொள்ளலாம், உள்ளே பிள்ளைகள் தூங்குகிறார்கள். அதனால் மரத்தடியில் நிறுத்துவதே இல்லை. பேனலுக்கும் வெயில்தானே வேண்டும்? வெயிலில் நிறுத்தி, வேனின் பக்கவாட்டில் பந்தல் துணி இழுத்துக் கட்டி, நாங்கள் அதற்குள் உட்கார்ந்துகொள்கிறோம்.

காட்டுப் பாதைகளில் தாழ்வான கிளைகள் கூரையை உரசும். பேனலின் முன்விளிம்புக்கு மேலே கொஞ்சம் உயரமாக ஒரு அலுமினியக் குழாய் வைத்தால் கிளை அதில் பட்டு மேலே வழுக்கிப் போகும். அதன் நிழல் மட்டும் பேனல் மேல் விழாமல் வையுங்கள். சின்ன நிழல்கூட கரண்டை நிறையக் குறைக்கும்.

ஆனால் எங்கள் பேனலுக்கு உண்மையான சோதனை ஊட்னடாட்டா டிராக். மாரீயிலிருந்து மார்லா வரை 600 கி.மீ.க்கு மேல் மண் சாலை, அதில் இட்லித் தட்டு மாதிரி வரிசையாக மேடும் பள்ளமும். அந்த அதிர்வில் போல்ட் தானாகச் சுழன்று கழன்று வரும். பேனல் நடுவில் தொய்ந்து துள்ளினால், கண்ணாடி முழுசாக இருக்க, உள்ளே கரண்ட் தயாரிக்கும் செல்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். இதற்கு நைலான் வளையம் வைத்த நட்டுகளைப் போட்டு, பேனலின் நடுப்பகுதிக்கு அடியிலும் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்தேன். டயர் காற்றைக் குறைத்து, மெதுவாக ஓட்டினேன். மாலையில் நிறுத்தியதும் ஏணி போட்டு ஒவ்வொரு நட்டையும் கையால் திருகிப் பார்ப்பேன். ஒரு இடத்தில் ராக்கின் கூர் விளிம்பில் ஒயர் உரசி உரசி, உறை தேய்ந்து செம்பு மினுங்கியது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் ஷார்ட் ஆகியிருக்கும்.

ஊருக்குள் வந்தால் உயரம்தான் பிரச்சினை. 2.1 மீட்டர் என்று எழுதிய பார்க்கிங்குகள் நிறைய. வேன் புத்தகத்தில் போட்டிருக்கும் உயரம் ராக், பேனல் இல்லாதது. டேப் வைத்து மேல் விளிம்பு வரை அளந்து, ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

உங்கள் வேன்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

பதில், கன்பராவிலிருந்து

அண்ணா, நாங்கள் 2020 ஜனவரி 20 ஆலங்கட்டி மழையில் அகப்பட்டவர்கள். கோல்ஃப் பந்து அளவில் கட்டி விழுந்தது. எங்கள் தெருவில் பின்கண்ணாடி தப்பிய கார் குறைவு. எங்கள் வான் வண்டியின் ஒரு பனல் சிலந்தி வலை போல முழுக்க வெடித்துவிட்டது, மற்றது தப்பியது.

பெட்டியில் "ஆலங்கட்டிச் சோதனை செய்யப்பட்டது" என்று போட்டிருந்ததே என்று பிறகு தேடிப் பார்த்தேன். பனல்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 61215-இன் வழக்கமான சோதனையில் 25 மில்லிமீட்டர் பனிக்கட்டியை நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் அடிக்கிறார்கள். கோல்ஃப் பந்து 43 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. குறுக்களவு இரண்டு மடங்குகூட இல்லை, ஆனால் எடை கிட்டத்தட்ட ஐந்து மடங்கு, விழும் வேகமும் அதிகம். அந்தச் சோதனையை நம்பி வானை வெளியில் விடமுடியாது.

வெடித்த பனலை அப்படியே விட்டு ஓடாதீர்கள். உடைந்தாலும் வெயில் பட்டால் மின்சாரம் வரும், கீறல்களால் தண்ணீரும் இறங்கும். முதலில் பனலின் மின்தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சை நிறுத்தி, தடித்த போர்வையால் மூடி, அதன் பிறகுதான் எம்சி4-ஐக் கழற்றினேன். மின்சாரம் ஓடும்போது அதை இழுத்தால் தீப்பொறி பறக்கும். கையுறை கட்டாயம்.

இப்போது இரண்டு தடித்த ஃபோம் பாய்களும் கட்டும் பட்டியும் வான் வண்டியிலேயே இருக்கின்றன. வானிலை நிலையம் கடும் இடிமழை எச்சரிக்கை விட்டால் மனைவி ஒரு பக்கம், நான் மறு பக்கம் நின்று கட்டிவிடுவோம். காப்புறுதிக் காரரிடம் பனல் பூட்டிய விஷயத்தை முன்பே சொல்லி, படமும் பற்றுச்சீட்டும் அனுப்பி வைத்தது பெரிய உதவி.

பதில், பிரிஸ்பேனிலிருந்து

எங்களுடையது வளையும் பேனல். எடை குறைவு, உயரமும் ஏறாது என்று கூரையிலேயே பசை வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள். அடியில் காற்றே இல்லை. குவீன்ஸ்லாந்து வெயிலில் ஒரு மூலை பழுப்பேறி, கரண்டும் குறைந்துகொண்டே வந்தது. புதிதாகப் போடும்போது நடுவில் குழாய் குழாயாக ஓட்டை இருக்கும் பிளாஸ்டிக் அட்டையை வைத்து, ஓட்டைகள் வண்டி ஓடும் திசையில் இருக்கும்படி ஒட்டினோம். ஓடும்போது காற்று உள்ளே புகுந்து போகிறது. மேற்பரப்பு மென்மையானது, கிளை உரசினால் கீறல் விழும். காட்டுப் பாதை போகிறவர்கள் கண்ணாடி பேனலே போடுங்கள்.

அண்ணா, கடலோரமாகவே சுற்றினால் உங்கள் எஃகு போல்ட்டும் அலுமினிய ராக்கும் தொடும் இடம் அரிக்காதா?

பதில், மெல்போர்னிலிருந்து

அரிக்கும் தம்பி. கிரேட் ஓஷன் ரோடு போய்வந்தபின் போல்ட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. இரண்டும் நேராகத் தொடாதபடி நடுவில் பிளாஸ்டிக் வாஷர் போட்டுவிட்டேன். கடற்கரையிலிருந்து கிளம்புமுன் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுகிறேன், அதுவும் பேனல் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் மட்டும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டாம். பறவை எச்சத்தை மட்டும் எப்போது பார்த்தாலும் ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்துவிடு, காய்ந்ததைச் சுரண்டாதே.