மறு: ‘அடிப்படைக் கட்டமைப்பு’க்கு வேறு சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை அத்தியாயத்தைக் கொடுத்தாக வேண்டும். அரசமைப்பின் ‘அடிப்படைக் கட்டமைப்பை’ (basic structure) நாடாளுமன்றம் திருத்தங்களால் சிதைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன கேசவானந்த பாரதி வழக்குப் பகுதிதான் இன்னும் முடியவில்லை. வரைவை வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “அப்போ சாலை, குடிநீரையெல்லாம் நாடாளுமன்றம் மாற்றக் கூடாதா சார்?” செய்தித்தாளில் இதே சொல் சாலை, குடிநீர் போன்ற வசதிகள் என்ற பொருளில் வருகிறதே, அவளுக்கு என்ன சொல்ல? அதனால்தான் இங்கே வேறு சொல் கேட்டேன். அதற்கு ஐயா ஒருவர் எழுதிய பதில்:

> யாத்தல் என்றால் கட்டுதல். இலங்கையில் அரசமைப்பை ‘அரசியல் யாப்பு’ என்கிறார்கள். யாப்பு என்றால் தளை (செய்யுளில் சீர்களை இணைக்கும் கட்டு) வேண்டும். ‘யாப்புத்தளை’ என்றே வைக்கலாமே.

ஐயா, இதைப் படித்துவிட்டு நேற்று நெடுநேரம் தூங்கவில்லை. வெண்பாவில் ஒரு சீரை எடுத்துவிட்டு வேறு சீர் வைக்கலாம். தேமா, புளிமா என்ற மாச்சீருக்குப் பின் நேரசை வந்து நின்றால் தளை தட்டும், அதாவது அந்தக் கட்டு அறுந்துவிடும். அப்புறம் அது வெண்பா இல்லை. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். திருத்தும் அதிகாரம் தரும் 368-ஆம் பிரிவின்படி அரசமைப்பின் எந்தப் பிரிவையும் திருத்தலாம். திருத்திய பிறகும் அது அதே அரசமைப்பாக இருக்க வேண்டும்.

ஆனால் தளைக்குக் கைகால்களில் பூட்டும் விலங்கு என்றும் பொருள் உண்டே. அந்த விலங்கு நாடாளுமன்றத்தின் கையில் பூட்டப்பட்டது, கட்டுக்கோப்பு அரசமைப்பினுடையது. காக்கப்படுவது ஒன்று, தடுப்பது வேறொன்று. 1976-இல் 42-ஆவது திருத்தம் நாடாளுமன்றத்தின் மேலிருந்த அந்தத் தடையை எடுக்கப் பார்த்தது. 1980-இல் மினர்வா மில்ஸ் தீர்ப்பு, வரம்புக்குட்பட்ட திருத்த அதிகாரமே அடிப்படைக் கட்டமைப்பின் ஒரு கூறு என்று சொல்லி அந்தப் பகுதியைச் செல்லாததாக்கியது. இந்த வாக்கியத்தில் ‘வரம்பு’, ‘அடிப்படைக் கட்டமைப்பு’ என்ற இரண்டு இடத்திலும் ‘தளை’யைப் போட்டு வாசித்துப் பாருங்கள், பொருள் குழம்பிவிடுகிறது.

இங்கே எழுதிய அம்மா ஒருவர் சொன்ன ‘உயிர்நிலை’ அழகான சொல். ஆனால் அது ஒற்றைப் பொருளாக ஒலிக்கிறது. நீதிமன்றம் கூட்டாட்சி, மதச்சார்பின்மை, நீதிப் புனராய்வு (சட்டம் அரசமைப்புக்கு உட்பட்டதா என்று நீதிமன்றம் ஆராய்வது) என்று பலவற்றைச் சொல்கிறது. ‘அடித்தளம்’ சரிவராது, சமூகத்தின் பொருளாதார அடிப்படையைக் குறிக்க மார்க்சியர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் பழைய சொல்லே இருக்கட்டும் என்கிறார்கள். தேர்வு நூல்களில் அதுதான் இருக்கிறது. ஆகவே தலைப்பில் ‘அடிப்படைக் கட்டமைப்பு’, தடைக்குத் ‘திருத்த வரம்பு’ என்று போடுகிறேன். வெண்பா விளக்கத்தைப் பெட்டிச் செய்தியாகச் சேர்க்க ஐயா அனுமதிக்க வேண்டும். மாணவியின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. வியாழன் இரவுக்குள் யாருக்காவது நல்ல சொல் கிடைத்தால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்