ஒரு குரலால் கதாபாத்திரமே மாறிப்போன அனுபவம் உண்டா? (ஜப்பானிய அனிமேஷனான அனிமே, ஸ்பாய்லர் உண்டு)

தூக்கம்கெட்டவன்:

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். காலேஜ் ஹாஸ்டலில் ரூம்மேட்டின் லேப்டாப்பில் டெத் நோட்டை ஆங்கில டப்பிங்கில் பார்த்தபோது நான் முழுக்க லைட் யாகமி கட்சி. யார் பெயரை எழுதினாலும் அவர் செத்துப்போகும் நோட்டு ஒன்று கையில் கிடைத்த மாணவன் அவன். குற்றவாளிகளைத்தானே கொல்கிறான், அதில் என்ன தப்பு என்று மெஸ்ஸில் சாம்பார் ஆறிப்போகும்வரை சண்டை போட்ட ஆள். 25-வது எபிசோடில் அவனைத் துரத்தும் துப்பறிவாளன் எல் செத்ததும் கடுப்பாகி நிறுத்திவிட்டேன்.

போன வருஷம் ஜப்பானிய ஒலியில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். லைட்டுக்குக் குரல் மமோரு மியானோ. 7-வது எபிசோடில் நவோமி மிசோரா என்கிற முன்னாள் எஃப்பிஐ பெண்ணோடு தெருவில் நடந்துகொண்டே பேசுவானே, ஞாபகம் இருக்கிறதா? அவள் பொய்ப் பெயர் சொல்லியிருக்கிறாள், அதை எழுதியும் அவள் சாகவில்லை, நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் பதற்றம் முழுவதும் அவன் மனசுக்குள் பேசும் குரலில்தான். வெளியே பேசும்போது அதே ஆள் நல்ல வீட்டுப் பிள்ளை, ‘உதவி செய்யத்தான் வந்தேன்’ என்கிற மரியாதைக் குரல். கடைசியில் அவள் லைசென்ஸை எடுத்துக் காட்டிவிடுகிறாள். இவன் வாட்சைப் பார்க்கிறான். ஏன் பார்க்கிறாய் என்று கேட்கிறாள். நான்தான் கிரா (அந்த மர்மக் கொலையாளிக்கு ஊர் வைத்த பெயர்) என்று சொல்கிறான் பாருங்கள், கத்தவில்லை, சந்தோஷத்தை அடக்க முடியாமல் சொல்கிறான். முதல் தடவை பார்த்தபோது இதே இடத்தில் நான் கைதட்டியவன். இந்தத் தடவை பாஸ் போட்டுவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

கதை மேல் எனக்கு இரண்டு புகார். ஒன்று, அந்தத் தொடரில் எல்லுக்கு அடுத்தபடி மூளையுள்ள ஆள் நவோமிதான். கிரா மாரடைப்பு இல்லாமலும் கொல்ல முடியும் என்று தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தவள். அவளைச் சீக்கிரமே அனுப்பிவிட்டு நமக்கு லைட்டின் காதலி மிசாவைத் தந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு லைட், லைட் என்று உருகுவதைத் தவிர வேலையே கிடையாது. இரண்டாவது, மூலக் கதையான மாங்காவில் (ஜப்பானிய காமிக்ஸ்) எல் சாவது 58-வது அத்தியாயம், அதற்கு 25 எபிசோட். மீதி 50 அத்தியாயத்தை 12 எபிசோடில் திணித்திருக்கிறார்கள். எல்லின் வாரிசுகளாக வரும் நியரும் மெல்லோவும் எடுபடாமல் போனதற்கு அவர்களை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை.

முடிவும் அப்படித்தான். மாங்காவில் லைட் சாகமாட்டேன் என்று நோட்டின் சாவுத் தெய்வம் ரியூக்கிடம் கெஞ்சி அசிங்கப்பட்டுச் சாவான். அனிமேயில் மாடிப்படி, சாயங்கால வெளிச்சம் எல்லாம் போட்டு அவனுக்கு ஒரு மரியாதை செய்துவிட்டார்கள். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால் கிடங்கில் மாட்டிக்கொண்டதும் மியானோ சிரிக்கிற சிரிப்பும், அப்புறம் குரல் உடைந்து அலறுகிற அலறலும் இருக்கிறதே, படம் மறைக்கப் பார்த்த அசிங்கத்தை அந்த ஆள் தொண்டையாலேயே காட்டிவிட்டார். சரி, உங்கள் அனுபவம் சொல்லுங்கள்.

மிளகாய்பஜ்ஜி:

ப்ரோ, எனக்கு நருட்டோ, அதே பெயருள்ள நிஞ்சாப் பையனின் தொடர். ஆங்கிலத்தில் முதலில் பார்த்ததால் ‘பிலீவ் இட்’, ‘பிலீவ் இட்’ என்று கத்திக்கொண்டே இருக்கும் எரிச்சலான பையன் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஜப்பானிய மொழியில் அது ‘தத்தேபாயோ’. பெரிதாக அர்த்தம் ஒன்றும் கிடையாது, வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொள்ளும் பழக்கச் சொல். எங்கள் அப்பா எதைச் சொன்னாலும் ‘விளங்குச்சா’ என்று முடிப்பார், அந்த மாதிரி.

ஷிப்புடென் என்கிற இரண்டாம் பாகத்தில் அவன் அம்மா குஷினா வருவாள். பேச்சுவாக்கில் அவள் வாயிலிருந்து ‘தத்தேபானே’ என்று வந்துவிடும். பிறந்த அன்றே அம்மாவை இழந்தவன், அவள் குரலையே கேட்டிராதவன், அவளுடைய வாலை இத்தனை வருஷம் தன் வாயில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான்! அந்த இடத்தில் எனக்குச் சட்டென்று தொண்டை அடைத்தது, ஏனென்றால் முந்தின வாரம்தான் ஆபீஸ் மீட்டிங்கில் நானே ‘விளங்குச்சா’ என்று முடித்து எல்லோரும் சிரித்திருந்தார்கள். ‘பிலீவ் இட்’ என்று மாற்றிய நாளிலேயே இந்த முடிச்சு அறுந்துபோனது. இப்படி மொழிபெயர்க்கிறவர்கள் கதை எங்கே போகிறது என்று முன்கூட்டியே தெரியாமல் வேலை செய்கிறார்கள், பாவம், அவர்களையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது.

நருட்டோவுக்குக் குரல் கொடுப்பவர் ஜுன்கோ தகேயுச்சி என்கிற பெண் என்பதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். மற்றபடி 136-லிருந்து 219 வரை உள்ள பில்லர் (மாங்காவில் இல்லாத, இட்டு நிரப்பும்) எபிசோடுகளை ஒன்றுவிடாமல் பார்த்த முட்டாள் நான். அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

பனங்காய்:

நான் யாழ்ப்பாணம். தொடர் இல்லை, படம். கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ், 1988. போரில் தாயை இழந்த தமையன் செய்தா, தங்கச்சி செத்சுகோ, இவர்களின் கதை. நான் பார்த்துக்கொண்டிருக்க அம்மா பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை, ஜப்பான் மொழியும் விளங்காது. செத்சுகோ பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், "உது நடிக்கிற பிள்ளை இல்லை" என்றா.

உண்மைதான். அந்தக் குரல் ஐந்து வயதுப் பிள்ளையினுடையது. வழமையாக ஜப்பானில் படத்தை வரைந்துபோட்டுத்தான் குரலைச் சேர்ப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு மட்டும் முதலில் குரலைப் பதிந்து, பிறகு அதற்கேற்ற மாதிரி வரைந்தார்கள். வளர்ந்தவர்கள் குழந்தைக் குரலில் கொஞ்சுகிறதைக் கேட்டுப் பழகின காதுக்கு இது உடனே பிடிபடும்.

எனக்குக் கோபம் செய்தாவில்தான். தாய் விட்டுப்போன 7,000 யென் வங்கியில் கிடக்க, ரோஷத்தில் அத்தை வீட்டை விட்டுத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு குகைக்குப் போகிறான். ஆனால் இயக்குநர் தகாஹாதா அவனை எங்கேயும் நல்லவன் என்று சொல்லவில்லை, பதினாலு வயதுப் பொடியன் அப்படித்தான் செய்வான் என்று விட்டுவிடுகிறார். அவரும் ஒன்பது வயதில் ஒகயாமாவில் குண்டுவீச்சுக்குள் ஓடினவர்.

கடைசிப் பக்கம் செத்சுகோ மண்ணை உருட்டி வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல, "என்ன கேக்குது பிள்ளை?" என்று அம்மா கேட்டா. மண்ணைச் சோற்றுருண்டை எண்டு தமையனுக்குக் குடுக்குது என்றேன். அம்மா 1995-இல் சண்டைக்குள் இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்கு நடந்தவ. ஒன்றும் சொல்லவில்லை.

கடைசிவரிசை:

மேலே படித்துவிட்டு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். டீமன் ஸ்லேயர் இன்ஃபினிட்டி கேஸில் என்கிற அனிமே படத்தை 2025 செப்டம்பரில் தியேட்டரில் தமிழில் பார்த்தேன். தம்பிக்கு சப்டைட்டில் படிக்கப் பொறுமையில்லை. விசில், கத்தல், முதல்நாள் காட்சி மாதிரியே இருந்தது. பிரச்சினை என்னவென்றால் அந்தப் படம் 155 நிமிடமும் ஒரே வாய்ப்பாட்டில் ஓடுகிறது: வாள் ஓங்குகிறான், பிளாஷ்பேக். வாள் இறங்குகிறது, இன்னொரு பிளாஷ்பேக். அகாசா என்கிற அரக்கனின் கதை தனியாக எடுத்தால் நல்ல கதை, கிணற்றில் விஷம் கலக்கிற இடம் வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அதை அவன் தலை போன பிறகா சொல்வது? பக்கத்து சீட்காரர் பாப்கார்ன் வாங்கப் போய்விட்டு வந்து, "இன்னும் சாகலையா?" என்றார்.

தமிழ்க் குரல்கள் சண்டையில் நன்றாகவே இருந்தன. வீட்டுக்கு வந்து அதே அகாசாவை ஜப்பானிய ஒலியில், அகிரா இஷிதா குரலில் கேட்டேன். அவர் திமிராகப் பேசும்போதே உள்ளே ஏதோ ஒன்று களைத்துப்போய்க் கிடக்கிறது. அரைமணி நேர பிளாஷ்பேக் இல்லாமலே எனக்கு அது போதும்.

தூக்கம்கெட்டவன்:

@கடைசிவரிசை, தலை போனபிறகு வந்ததால்தான் எனக்குப் பிடித்தது, சண்டைக்கு வாங்க. @பனங்காய், அம்மா படத்தை முடிவுவரை பார்த்தாங்களா?

பனங்காய்:

இல்லை அண்ணா. உலை கொதிக்குது எண்டு எழும்பிப் போயிட்டா. அன்றைக்கு அடுப்பில் ஒன்றும் வைத்திருக்கவில்லை.