‘காட்’ நம்ம கட்டில்தானா?

நெல்லைத்தம்பி:
எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ‘வெள்ளைக்காரன் சுட்ட தமிழ்ச் சொற்கள்’ என்று ஒரு ஃபார்வர்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதி குப்பை. ‘கொல்’லிலிருந்து ‘கில்’ வந்ததாம்! ஆனால் ‘கட்டில்தான் ஆங்கிலக் காட் (cot) ஆனது’ என்ற வரியை மட்டும் குப்பையில் போட மாட்டேன். மெரியம்-வெப்ஸ்டர் அகராதியைத் திறந்து பாருங்கள். இந்தி ‘க்ஹாட்’, அதற்கு முன் சமஸ்கிருத ‘க்ஹட்வா’, அது திராவிட மூலம், தமிழ்க் ‘கட்டில்’ அதற்கு உறவு என்று போட்டிருக்கிறது. அமெரிக்கன் ஹெரிடேஜ் அகராதியும் திராவிடத்தில்தான் போய் முடிகிறது. (க்ஹ என்று எழுதியிருப்பது மூச்சு சேர்ந்த ககரத்துக்காக.) ஆக, ஜவுளிக்கடையில் ‘டபுள் காட் பெட்ஷீட்’ கேட்பவர் பாதித் தமிழாவது பேசுகிறார். மறுப்பு இருந்தால் வரலாம்.

அகராதிப்பித்து:
இதோ வந்துவிட்டேன். ஃபார்வர்டு போட்டது ஒரே ஒரு அம்புக்குறி. நீங்கள் காட்டும் அகராதியில் இருப்பதோ மூன்று படி. ஆங்கிலேயன் வாங்கியது இந்திக்காரனிடம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகளில் சில அந்தப் படியோடு நிறுத்திக்கொள்கின்றன.

காலத்தையும் பாருங்கள். ஆங்கில எழுத்தில் ‘காட்’ 1630களிலேயே வந்துவிட்டது. சென்னையில் கோட்டை கட்ட இடம் கிடைத்தது 1639-ல். அதற்கு முன் கம்பெனிக்காரர்கள் பெரிதாகக் கடை விரித்திருந்த ஊர்கள் சூரத்தும் மசூலிப்பட்டினமும். மசூலியில் தெலுங்கு, அங்கே கட்டிலுக்கு மஞ்சம் என்று பெயர். சூரத்தில் குஜராத்தி, அங்கே இன்றைக்கும் ‘க்ஹாட்லோ’. யாரிடம் கேட்டு எழுதியிருப்பான்? அப்புறம், கட்டிலில் இருக்கிற ‘ல்’ ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் எங்கே விழுந்தது?

நெல்லைத்தம்பி:
‘ல்’ விழுந்ததற்கெல்லாம் கணக்குக் கேட்டால் எப்படி சார்? ஹாப்சன்-ஜாப்சனைப் பாருங்கள். ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்து 1886-ல் வந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி. பர்னல் சும்மா ஆள் இல்லை. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சரஸ்வதி மகால் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். அந்தப் புத்தகம் என்ன சொல்கிறது? வடக்கே வெள்ளைக்காரர்கள் கட்டிலைச் ‘சார்பாய்’ என்று சொல்லப் பழகிவிட்டார்கள். ‘காட்’ புழங்கியது தெற்கிலும், கப்பலிலும், பட்டாளக் குடியிருப்பிலும். பட்டாளத்துக்காரர்களிடம் ஒட்டிக்கொண்டு நிற்கும் சொற்கள் பல நேரம் தெற்கிலிருந்து போனவை என்றும் சேர்த்துச் சொல்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அகராதிப்பித்து:
இதற்கு மேல் அந்தப் பதிவின் மிச்சமும் வேண்டும். வடக்கே ‘க்ஹாட்’, தெற்கே ‘கட்டில்’, இரண்டுமே காரணமாக இருந்திருக்கலாம் என்றுதான் விட்டிருக்கிறார்கள். ஆங்கிலோ-இந்திய மேற்கோள்கள் எதிலும் ‘காட்’ தவிர வேறு வடிவம் கிடைக்கவில்லை என்பதையும் அதே பத்தியில் ஒப்புக்கொள்கிறார்கள். தம்பி அந்த வரியை மட்டும் தாண்டிக் குதித்துவிட்டார்.

‘ல்’லோடு வாங்கிய ஐரோப்பியன் ஒருவன் உண்டு. போர்ச்சுகீசியன். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் சாமூதிரியைப் பார்க்கப் போன கதையை 16ஆம் நூற்றாண்டில் ஜுவாவ் த பாரோஸ் எழுதினார். மன்னர் சாய்ந்திருந்த மஞ்சத்தை அந்த ஊர்க்காரர்கள் ‘கட்லெ’ என்கிறார்கள் என்று அதில் வருகிறது. மலையாளக் கரையில் காதில் விழுந்த கட்டில் அது, சந்தேகமே வேண்டாம். பிறகு அது ‘கத்ரெ’ ஆகி ஸ்பானிஷுக்கும் போனது. ஸ்பெயினின் அரச அகாதமி அகராதி இன்றும் ‘கத்ரெ’வுக்கு மூலம் மலபார்க் ‘கட்டில்’ என்றே போடுகிறது. பெருமைப்பட ஆசையாக இருந்தால் லிஸ்பனுக்குப் போய்ப் பெருமைப்படுங்கள். லண்டனில் உங்களுக்கு அவ்வளவு வேலை இல்லை.

கிள்ளான் மாறன்:
லிஸ்பன் வரைக்கும் எதற்கு அண்ணே, கடலைத் தாண்டி இங்கே வாங்க. மலாயில் கட்டிலுக்குப் பெயரே ‘காத்தில்’. அரசு மருத்துவமனை வார்டில் நர்ஸ் ‘காத்தில்’ நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். சமஸ்கிருதமும் இல்லை, இந்தியும் இல்லை, தமிழ் வணிகர்களோடு நேராக வந்து இறங்கிய சொல். பிலிப்பைன்சில் ‘கத்ரெ’ என்கிறார்கள், அது ஸ்பானிஷ்காரர்கள் கொண்டுபோய் வைத்தது. ஒரே கட்டில் இரண்டு பக்கமாகச் சுற்றி வந்து பக்கத்துப் பக்கத்து நாட்டில் விழுந்து கிடக்கிறது. இதைப் பற்றி யாரும் ஃபார்வர்டு போடக் காணோம். வெள்ளைக்காரன் தொட்டால்தான் நம் ஆட்களுக்குப் புல்லரிக்கும் போல.

பர்மிங்காம் பார்கவி:
மூலத்துக்கு அடித்துக்கொள்கிறீர்கள் சரி, அர்த்தத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். ஊரிலிருந்து மாமியார் வருகிறார் என்று நான் இங்கே இணையத்தில் ‘காட்’ தேடினேன். வந்ததெல்லாம் நாலு பக்கமும் கம்பி வைத்த குழந்தைக் கட்டில். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்கு அது ஒன்றுதான் அர்த்தம். பச்சைக் குழந்தை தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோவதை இங்கே ‘காட் டெத்’ என்கிறார்கள். அந்த அளவுக்குக் குழந்தையோடு ஒட்டிப்போன சொல். நம்ம ஊர் ‘டபுள் காட்’டை இவர்களிடம் சொன்னால் இரட்டைக் குழந்தையா என்று கேட்பார்கள்.

அமெரிக்காவில் வேறு கதை. அங்கே குழந்தைக்குக் ‘கிரிப்’, ‘காட்’ என்றால் முகாமில் விரிக்கிற மடக்குக் கட்டில். கிரிப் என்பது பழைய ஆங்கிலத்தில் மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி.

நடுவில் ஒரு கப்பல் அர்த்தமும் இருந்தது. மரச்சட்டத்தில் கித்தான் துணியை இழுத்துக் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடுவார்கள். அதிகாரிகளுக்கு இந்தக் காட். சாதாரண மாலுமிக்கு ஹேமக், சட்டமில்லாத வெறும் ஏணை. (ஹேமக் கரீபியன் தீவுகளின் தைனோ மொழியிலிருந்து ஸ்பானிஷ் வழியாக வந்தது. தூங்குவதற்கு ஒரு சொல்கூடச் சொந்தமாக வைத்துக்கொள்ளாத மாலுமிகள்!) போர்ட்ஸ்மவுத்தில் நிற்கும் ‘விக்டரி’ கப்பலில் நெல்சனின் அறையில் அப்படி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆட்டிவிட்டால் தொட்டில்தான். இதிலிருந்துதான் குழந்தைக் கட்டிலுக்கு அந்தப் பெயர் போயிருக்கும் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே, அகராதிப்பித்து சார் சண்டைக்கு வர வேண்டாம்.

நெல்லைத்தம்பி:
அக்கா, அப்போ காட்டேஜ்? அதுவும் கட்டில் போட்ட வீடா?

அகராதிப்பித்து:
ஐயோ, அது வேறு. பழைய ஆங்கிலத்தில் ‘காட்’ என்றால் குடிசை. புறாக்கூண்டுக்கு ‘டவ்கோட்’ என்பார்கள், அதுவும் அந்த வம்சம். அயர்லாந்தில் ஒரு சின்னப் படகுக்கும் ‘காட்’ என்று பெயர், அது ஐரிஷ் சொல். ஒலி ஒன்றாக இருப்பதால் உறவாகிவிடாது. அப்படி உறவாக்கினால் உங்கள் ‘கில்’ ஃபார்வர்டுக்குத்தான் போய்ச் சேருவோம்.

சங்கப்பலகை:
நேரடியாக வாங்கினானா, சுற்றி வாங்கினானா என்பதிலேயே நிற்கிறீர்கள். ‘க்ஹட்வா’வே தெற்கத்திச் சொல் என்றால் ஆங்கிலம் எந்த வாசலில் வாங்கினால் என்ன? பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி கட்டிலையும் க்ஹட்வாவையும் ஒரே பதிவில் வைத்துப் பார்க்கிறது. தமிழில் இது எவ்வளவு பழகிய சொல் என்பதற்குப் புறநானூறு 286 போதும். போருக்குப் போகும் மகனைப் பற்றித் தாய் பேசுவதாக ஔவையார் பாடியது. பாடையை அங்கே ‘கால்கழி கட்டில்’ என்கிறார். கால் இல்லாத கட்டில். அதில் கிடத்தி, மேலே தூய வெள்ளைத் துணி போர்த்துவது. காலை எடுத்துவிட்டால் பாடை என்று கேட்டவுடன் புரிந்திருக்கிறது என்றால், அந்தச் சொல் வீட்டுக்குள் எவ்வளவு காலமாகக் கிடந்திருக்க வேண்டும்?

வடமொழி மாணவி:
நல்ல பாட்டு, மறுக்கவில்லை. நல்லவேளை, மோசிகீரனார் ‘முரசு கட்டி’லில் ஏறித் தூங்கிய கதையைக் கொண்டுவரவில்லை. அந்தப் பாட்டுக்குள் இருப்பது ‘சேக்கை’ (படுக்கை), கட்டில் என்பது அடிக்குறிப்பில் மட்டும்தான் வருகிறது.

ஆனால் சங்கப் பாட்டுக்கு முன்பே சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினி இருக்கிறார். கி.மு. 4ஆம் நூற்றாண்டு வாக்கில் வைப்பார்கள். அவருடைய சூத்திரம் ஒன்று இந்தச் சொல்லுக்கென்றே இருக்கிறது. 2.1.26, ‘க்ஹட்வா க்ஷேபே’. க்ஷேபம் என்றால் வசவு. ‘க்ஹட்வாரூட’ என்ற தொகைச்சொல் பற்றியது. சொல்லுக்குச் சொல் ‘கட்டிலேறியவன்’, அர்த்தமோ திட்டு. குருகுலத்தில் படிக்கிறவன் தரையில் படுக்க வேண்டும். படிப்பை முடித்து, குருவிடம் விடைபெற்றுக்கொண்டு போன பிறகுதான் கட்டில். அதற்கு முன்பே ஏறியவனைத்தான் இப்படித் திட்டுவார்கள். வசவாகவே உறைந்துபோகிற அளவுக்கு அங்கேயும் இந்தச் சொல் புழங்கியிருக்கிறது. பழமைதான் அளவுகோல் என்றால் உங்கள் கட்டில் பின்வரிசைக்குப் போகும்.

சங்கப்பலகை:
அம்மா, பாணினி கதை அருமை. ஆனால் எழுத்தில் முதலில் வந்ததெல்லாம் மூலம் ஆகிவிடாது. பாணினிக்கும் முன்னால் போங்கள். ரிக் வேதம் 7.55, வீட்டில் எல்லோரையும் தூங்கவைக்கும் பாட்டு. மணையில் படுத்த பெண்கள், பல்லக்கில் படுத்த பெண்கள், படுக்கையில் படுத்த பெண்கள் என்று வரிசையாக வருகிறது. அங்கே படுக்கைக்குத் ‘தல்ப’ என்கிறார்கள். ரிக் வேதம் முழுக்கத் தேடினாலும் க்ஹட்வா கிடையாது. கிரேக்கத்திலோ லத்தீனிலோ உறவுச் சொல் காட்டுங்கள் பார்ப்போம்.

தமிழில் பக்கத்திலேயே ‘கட்டு’ என்ற வினை உயிரோடு நிற்கிறது. கயிற்றுக் கட்டிலைப் பின்னுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நாலு கால், நாலு சட்டம். தலைமாட்டிலிருந்து குறுக்கும் மறுக்குமாகக் கயிறு ஓடி வரும், ஆனால் கால்மாட்டுச் சட்டம் வரை போகாது. ஒரு முழம் முன்னாலேயே ஒரு குறுக்குக் கயிற்றில் நின்றுவிடும். அந்தக் கயிற்றையும் சட்டத்தையும் தனிக் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவார்கள். நாளாக ஆக நடுவில் குழி விழும்போது மொத்தத்தையும் பிரிக்க வேண்டாம், கால்மாட்டுக் கட்டை மட்டும் அவிழ்த்து இறுக்கினால் போதும். கட்டில் என்பது முழுக்க முழுக்கக் கட்டுவதுதான். கட்டு, கட்டில். தொட்டிலில் வரும் அதே ‘இல்’ ஈறு.

வடமொழி மாணவி:
கயிறு கட்டுகிற விஷயம் வடக்கேயும் அப்படியேதான் ஐயா, சார்பாயும் இதே மாதிரிதான் பின்னுவார்கள். பொருள் பொருந்துவது ஒன்று, ஒலி பொருந்துவது வேறு. திராவிடத்தில் மூச்சொலி ககரமே கிடையாது. தமிழ் ‘க’ ஏன் ‘க்ஹ’ ஆனது? ‘-ட்டில்’ எப்படி ‘-ட்வா’ ஆனது? பழைய திராவிட வீட்டுச் சொல் என்றால் தெலுங்கரும் கன்னடரும் ஏன் அன்றாடப் பேச்சில் மஞ்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? அதுவும் வடமொழிச் சொல்தான். வடக்கும் தெற்கும் மூன்றாவது ஒரு மொழியிடம் வாங்கியிருக்க முடியாதா? நான் சமஸ்கிருதத்தில் பிறந்த சொல் என்று வாதாடவில்லை. ‘திராவிட மூலம்’ என்று அகராதியில் அடித்து எழுதுவதற்குப் பதிலாக ‘இருக்கலாம்’ என்று ஒரு சொல் சேர்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அகராதிப்பித்து:
மாணவி கட்சியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபார்வர்டில் வர வேண்டிய வரி ‘கத்ரெ’ பற்றியதும் ‘காத்தில்’ பற்றியதும்தான். அந்த இரண்டுக்கும் ‘இருக்கலாம்’ தேவையில்லை.

சங்கப்பலகை:
மூன்றாவது மொழி என்றால் பெயர் சொல்லுங்கள். அந்த மொழியில் இதற்கு வேரும் காட்டுங்கள். வேர் எங்கே இருக்கிறதோ அங்கே சொல் பிறந்தது என்பது சாதாரண நியாயம். கட்டுவது தமிழில் இருக்கிறது. ஒலி மாறியதற்கு இரவல் வாங்கியவன்தான் பதில் சொல்ல வேண்டும். சாமூதிரியின் கட்டிலைக் ‘கத்ரெ’ ஆக்கினவனிடம் யாராவது இலக்கண விதி கேட்டீர்களா?

வடமொழி மாணவி:
அங்கே இடையில் ‘கட்லெ’ என்ற படி எழுத்தில் இருக்கிறது ஐயா. அதனால் கேட்கவில்லை. க்ஹட்வாவுக்கு அப்படி ஒரு இடைப்படி காட்டுங்கள், இப்போதே உங்கள் கட்சிக்கு வந்துவிடுகிறேன். அப்புறம், கட்டிலுக்குக் ‘கட்டு’ என்றால் தொட்டிலுக்கு என்ன வினை? தொட்டா?

சங்கப்பலகை:
தொட்டி இருக்கிறதே! பார்கவி சொன்ன கிரிப்பே மாட்டுத் தொட்டிதானே? தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.